மூன்றாம் குழாயின் இரண்டு அம்புகள்

சேற்று அறைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே,

நீங்கள் இப்போது நிற்கிற அந்த சிங்க்கின் முன்னால் இருபத்தெட்டு வருஷம் நின்றவள் நான். பெயர் ஸ்டெல்லா. சிங்க்கடியில் தரை கொஞ்சம் பள்ளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். என் கால் பட்டுத் தேய்ந்த பள்ளம் அது. தரை போட்ட மேஸ்திரி சரியில்லை என்று வாட்ச்மேன் முனியப்பா சொல்வார். நீங்கள் என்னை நம்புங்கள்.

நான் படித்தது நாலாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அதனால் மெதுவாகப் படியுங்கள். நானும் மெதுவாகத்தான் சொல்வேன். கலங்கின தண்ணீர் தெளியும்வரை காத்திருந்தே வயசானவளுக்கு என்ன அவசரம்?

வெளியில் யாருக்கும் நம் வேலையைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவில் கேட்டால், "ஸ்டெல்லாக்காவா? எங்கியோ மண்ணு கழுவுறாங்க" என்பார்கள். கழுவினவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்த மண்? இமயமலையில் பனி ஆறாக நகருகிறது. நகரும்போது மலையை அரைக்கிறது, நம் வீட்டு கிரைண்டர் மாதிரி. அரைத்த மாவு உருகின தண்ணீரோடு போய் ஏரியில் விழுகிறது. கோடையில் தண்ணீர் வேகமாக வரும், மணல் விழும். குளிர்காலத்தில் ஏரி மூடிக்கொள்ளும். உள்ளே மிதக்கிற மெல்லிய களி மட்டும் மெதுவாக அந்த மணல்மேல் இறங்கும். கீழே மணல், மேலே களி: அது ஒரு வருஷம். அதன்மேல் அடுத்த மணல், அடுத்த களி. நம் ஆட்கள் அந்த ஏரியில் குழாயை இறக்கி, சேற்றை அப்படியே உருவி, பெங்களூருக்குக் கொண்டுவருவார்கள். நான் கண்ணால் பார்த்த பனி எல்லாம் மடிவாளா மார்க்கெட்டில் மீன்மேல் கொட்டுகிற ஐஸ்தான். இருந்தாலும் அந்த மலைப்பனியின் குணம் எனக்கு அத்துப்படி.

எங்கள் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மைசூர் பக்கத்துக்காரர், பனிமலைகளிலேயே பாதி ஆயுளைக் கழித்த மனுஷர். குளிரில் இரண்டு கால்விரல்களைக் கொடுத்துவிட்டு வந்தவர். லேபில் செருப்புதான் போடுவார், ஷூ போட மாட்டார். வருகிற விருந்தாளிகள் அந்தக் காலையே பார்ப்பார்கள். "இரண்டு விரலை அங்கே சாம்பிளாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன்" என்பார், சிரிக்காமல்.

நான் சேர்ந்த முதல் வாரம், பீக்கரில் கலங்கின தண்ணீர் இருந்தது. அழுக்கு என்று நினைத்து சிங்க்கில் கொட்டிவிட்டு, பீக்கரைப் பளபளவென்று துலக்கிக் கவிழ்த்தேன். சார் வந்து பார்த்தார்.

"ஸ்டெல்லாம்மா, இதுல இருந்தது எங்கே?"

"அழுக்குத் தண்ணி சார். கொட்டிட்டேன்."

"அய்யோ ராமா! நானூறு வருஷத்துக் களிம்மா அது!"

"நானூறு வருஷம் இருந்ததுக்கு இன்னிக்குக் காலைலயா சார் அவசரம்? மூடி போட்டு வெச்சிருக்கக் கூடாதா?"

அவர் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். ஒரு நோட்டை எடுத்து அன்றைய தேதியில் என்னவோ எழுதினார். என்ன சார் என்றேன். "கொட்டிப் போச்சுன்னு எழுதறேன். யார் கொட்டினாங்கன்னு வேண்டாம். கொட்டினது மட்டும் தெரிஞ்சா போதும்" என்றார். அன்றிலிருந்து என் கையால் ஒரு துளி வீணாகவில்லை. அதை நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அதிகமாகவே சொன்னேன். அங்கேதான் வினை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். சுகன்யா என்று ஒரு பெண் ஆராய்ச்சிக்கு வந்திருந்தாள். சந்தாபுராவில் வீடு, அப்பா லேத்துப் பட்டறையில் வேலை. நான்கு வருஷமாக ஒரே ஏரியின் சேற்றோடு குடித்தனம் செய்தாள். ஐந்து குழாய், ஏரியில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக எடுத்தது. முதல் குழாய் மேலே, ஐந்தாவது ஆழத்தில். ஒவ்வொன்றின்மேலும் மார்க்கர் பேனாவால் ஒரு அம்பு போட்டிருக்கும். அம்பின் முனை இருக்கிற பக்கம் வானம். அதைத் தலைகீழாக வைத்தால் பேரன் தாத்தாவுக்கு முன்னால் பிறந்துவிடுவான். "இந்த ரூம்ல அம்புதான் சாமி" என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்தான்.

ஆயுத பூஜை வந்தது. நான் மாதா கோயில்காரி. ஆனாலும் லேபில் ஆயுத பூஜைக்குத் துடைத்து மெழுகுவது என் பொறுப்பு, அதை வேறு ஒருவருக்கு விட்டுக்கொடுத்ததில்லை. ஓவனுக்குப் பொட்டு, தராசுக்குப் பொட்டு, சல்லடைகளுக்கு வரிசையாகப் பொட்டு. குழாய்கள் இன்னும் வெட்டாமல் கோல்ட் ரூமில் இருந்தன. மூன்றாம் குழாய் மட்டும் லாரி அழுக்கோடு கன்னங்கரேல் என்று கிடந்தது. அப்படியே வைத்துப் பொட்டு வைக்க எனக்கு மனசு வரவில்லை. மேஜைமேல் எடுத்து வைத்து, ஈரத்துணியால் துடைத்தேன். போகாத கறைக்குக் கொஞ்சம் ஸ்பிரிட்டும் ஊற்றித் துடைத்தேன். என்ன அழகாக வெளுத்தது!

அப்போது வாசலிலிருந்து முனியப்பா, சீக்கிரம் வரச் சொல்லி, பாதி கன்னடத்தில் கத்தினார். "ஸ்டெல்லம்மா, பேகா பா! பூசணிக்காய் உடைக்கணும், சார் வந்து நிக்கறாரு!"

ஓடினேன். பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கடலை கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். குழாய் பளிச்சென்று இருந்தது. நடுவில் கட்டின நம்பர் சீட்டு இருந்தது. அம்பு இல்லை. அழுக்கோடு அதையும் துடைத்திருந்தேன். இரண்டு முனையிலும் ஒரே பழுப்பு டேப். எது மேல், எது கீழ்?

ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் யோசித்தேன். ரேக்கில் எப்படி இருந்தது, நான் எந்தக் கையால் தூக்கினேன், மேஜையைச் சுற்றி எந்தப் பக்கமாக வந்தேன் என்று மனசுக்குள்ளேயே நடந்து பார்த்தேன். பிறகு மார்க்கரை எடுத்து ஒரு அம்பு போட்டேன். நல்ல தடிமனாக, பழையதைவிட அழகாக. அதன் முனையில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன்.

சாரிடம் சொல்லவில்லை. சார் வெளியே பொரி தின்றுகொண்டுதான் இருந்தார், பத்தடி தூரம். நோட்டும் மேஜைமேலேயே இருந்தது. இருபத்தேழு வருஷம் தப்பே செய்யாதவள் நல்ல நாளும் அதுவுமாகப் போய்ச் சொல்வதா என்று இருந்துவிட்டேன்.

குழாய்களை நீளவாக்கில் இரண்டாக அறுத்தார்கள். ஒரு பாதி சுகன்யாவின் வேலைக்கு. மறுபாதியைப் பிளாஸ்டிக் சுற்றி கோல்ட் ரூமில் பத்திரப்படுத்தினார்கள். என் அம்பு இந்தப் பாதியில் இருந்தது; அதைப் பார்த்து சுகன்யாவின் பாதியிலும் அதே மாதிரி ஒன்று நானே போட்டேன். அவள் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டிக் கொடுத்தாள், நான் கழுவிச் சலித்தேன். மாதங்கள் போயின.

ஒருநாள் மத்தியானம் அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிங்க்குக்கே ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி! ஐஸ் திரும்பி வந்திருக்கு ஆன்ட்டி!"

"எங்க கண்ணு, கேன்டீனுக்கா?"

"ஐயோ, மலைல! இங்க பாருங்க. பனி கிட்ட இருந்தா பெரிய மணல், தூரப் போனா சின்ன மணல். அஞ்சாவது, நாலாவது பைப்ல பனி மெதுவா விலகிட்டே போகுது. மூணாவது ஆரம்பத்துல திடீர்னு ரொம்ப தூரம் ஓடிடுது. அப்புறம் மெதுவா திரும்பி வருது. வந்துட்டு, ரெண்டாவது பைப் ஆரம்பத்துல மறுபடி ஒரே ஓட்டம்!"

"எங்க வீட்டு மாப்பிள்ளை மாதிரி" என்றேன்.

சிரித்துக்கொண்டே மூன்றாம் குழாயின் போட்டோவைக் காட்டினாள். படித்தவர்கள் கம்ப்யூட்டரில் கோட்டைப் பார்ப்பார்கள். நான் சேற்றைப் பார்ப்பேன். என் பக்கெட்டில் எத்தனையோ ஆயிரம் தரம் சேறு படிந்ததைப் பார்த்தவள். எப்போதும் மணல் அடியில், களி மேலே. அந்தப் போட்டோவில், ஒவ்வொரு வருஷத்திலும், களி அடியில் உட்கார்ந்து மணலைத் தலையில் சுமந்துகொண்டிருந்தது.

பூசணிக்காய் உடைபடுகிற சத்தம் காதில் கேட்டது.

அவள் போனதும் கோல்ட் ரூமுக்குள் போய், பத்திரப்படுத்தின பாதியைப் பிரித்தேன். நடுவில் ஒரு கூழாங்கல், வறுத்த கடலைப் பருமன். அறுத்தபோது அந்தப் பாதியிலேயே தங்கிவிட்டது போல. ஏரியில் மிதக்கிற ஐஸ் கட்டியின் வயிற்றிலிருந்து இப்படிக் கல் விழும் என்று சார் சொல்லியிருக்கிறார். விழுந்தால் கீழே இருக்கிற சேறு அமுங்கும். மெத்தையில் உட்கார்ந்தால் பள்ளம் கீழேதானே விழும். என் அம்புப்படி பார்த்தால், இந்தக் கல் தனக்கு மேலே இருக்கிற சேற்றை அமுக்கிவிட்டிருந்தது. பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக்கை மறுபடி சுற்றினேன்.

சுகன்யாவின் டாக்டர் பட்டத்துக்கு வெளித்தேர்வாளர்கள் திங்கட்கிழமை வருகிறார்கள். அன்று வியாழன். தலைகீழ்க் குழாயோடு அந்தப் பெண் அவர்கள்முன் நின்றால், கேள்வி கேட்டே நார் நாராகக் கிழித்துவிடுவார்கள். நான்கு வருஷம் போச்சு. அது எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் செய்ததைக் கேளுங்கள். நான் செய்ததாக வெளியே தெரியாமல் இதை நேராக்கிவிட முடியுமா என்று பார்த்தேன்.

முதலில் ஒரு ஊறுகாய் பாட்டிலில் சேறும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி, அவள் மேஜையில் வைத்தேன்.

"இன்னா அழகா படியுது பாரு கண்ணு. மணல் கீழ, களி மேல."

"தெரியும் ஆன்ட்டி. ஃபர்ஸ்ட் இயர் பாடம்" என்று சொல்லி, அதன் மூடியில் பேனா ஸ்டாண்டை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் சாப்பிடப் போனபோது, மேஜையில் இருந்த, வெட்டினது போக மிஞ்சின மூன்றாம் குழாயின் பாதியைத் திருப்பி வைத்தேன். வந்தவள் பார்த்தாள்.

"யாரு ஆன்ட்டி இதைத் திருப்பி வெச்சது?"

"எனக்கு இன்னா தெரியும்? அப்படியே பார்த்துதான் வையேன், எப்படி இருக்குன்னு."

"அம்பு போட்டிருக்கே ஆன்ட்டி! நீங்கதானே சொல்வீங்க, அம்புதான் சாமின்னு?"

பழையபடி திருப்பினாள். நான் வளர்த்த கடா என் மார்பிலேயே பாய்ந்தது. அந்த அம்பும் அவ்வளவு தடிமனாக, அவ்வளவு அழகாக இருந்தது!

சனிக்கிழமை ஒத்திகை. சார் முன் வரிசையில் கால்மேல் கால் போட்டு, மூன்று விரல் பாதத்தை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. நான் சாம்பிள் தட்டோடு கதவோரம் நின்றேன். சுகன்யா நன்றாகத்தான் பேசினாள். முடித்ததும் சார் கேட்டார்.

"திங்கக்கிழமை அவங்க முதல்ல இதைத்தான் கேப்பாங்க. மூணாவது பைப் சரியான பக்கம்தான் இருக்குன்னு எப்படிம்மா சொல்றே?"

அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டினாள்.

"ஸ்டெல்லா ஆன்ட்டி கைபட்ட பைப் சார். இத்தனை வருஷத்துல ஆன்ட்டி ஒரு தப்பு பண்ணதில்ல."

சார் தலையாட்டினார். "கரெக்ட்" என்றார்.

தட்டைக் கீழே வைத்தேன். "தப்பு பண்ணிட்டேன் சார்" என்றேன்.

ஆயுத பூஜை, ஈரத்துணி, ஸ்பிரிட், அம்பு, பொட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தால் இடி விழும் என்று பார்த்தேன். இல்லை. அவர்கள் நம்பவில்லை!

"ஸ்டெல்லாம்மா, நீ வேற பைப்பை நினைச்சிட்டிருக்கே" என்றார் சார்.

"இல்ல சார். மூணாவதுதான்."

"பிபி மாத்திரை போட்டியா இன்னிக்கு?"

"போட்டேன் சார். மாத்திரைக்கும் பைப்புக்கும் இன்னா சம்பந்தம்?"

"திரும்பப் போட்டது சரியான பக்கமாவும் இருக்கலாம் இல்லையா? உன் கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கும்மா."

"என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார், அந்த ஒரு நாளு மட்டும்."

சுகன்யா முகம் வெளிறிப் போய் நின்றாள். "ஆன்ட்டி, டென்ஷன்ல ஏதோ சொல்றீங்க. அப்படி இருக்காது" என்றாள். அவள் குரலில் கெஞ்சல்தான் இருந்தது.

அப்போது எனக்குப் புரிந்தது. பனி ஒருதரம் திரும்பி வந்தது என்று சார் இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு இப்போதுதான் சாட்சி கிடைத்திருக்கிறது. பிடித்த சேதியை யார் திருப்பி அனுப்புவார்கள்? நான் என் பெருமைக்காக மறைத்தேன். இப்போது அதே பெருமையை அவர்கள் இருவரும் எனக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். என் தப்பை நிரூபிக்க நானே வக்கீலாக வேண்டியதாயிற்று.

கோல்ட் ரூமுக்குப் போய், பத்திரப்படுத்தின பாதியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தேன். சார் முன்னால் மேஜையில் வைத்து, பிளாஸ்டிக்கை விலக்கினேன். அம்பைப் பார்க்கச் சொல்லவில்லை. கல்லைக் காட்டினேன்.

"கல்லு மேல் பக்கமா விழுமா சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆடிக்கொண்டிருந்த பாதம் நின்றுவிட்டது. பிறகு அவரே, தம் கையாலேயே, குழாயைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். கல் சேற்றில் அழகாக அமுங்கி உட்கார்ந்தது.

"ஹௌது" என்றார் மெதுவாக. ஆமாம் என்பதற்கு அவர்கள் பாஷையில். "இந்த போட்டோவை நான் மூணு தடவை பார்த்தேன் ஸ்டெல்லாம்மா. இருபது வருஷமா அந்த ஐஸ் வரும் வரும்னு காத்திருந்தேன்."

"அது வரல சார். என் துணிதான் வந்துச்சு."

அவர் சிரித்தது முதலில் இருமல் மாதிரி இருந்தது. சுகன்யா அழுதாள். அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தேன். "பனி திரும்பி வந்துச்சுன்னு எங்கப்பாகிட்ட வேற சொல்லிட்டேன் ஆன்ட்டி" என்றாள். "பெரிய ஐஸ் ஃபேக்டரி நடத்துறாரு உங்கப்பா. போ, கம்ப்யூட்டரைத் தொற" என்றேன். சென்டிமீட்டர் நம்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாம் குழாயின் வரிசையை மட்டும் கடைசியிலிருந்து முதலாகப் போட வேண்டும். ஒரு மணி நேர வேலை. போட்டதும் கோடு ஐந்தாம் குழாயிலிருந்து முதல் குழாய் வரைக்கும் முட்டாமல் மோதாமல் ஓடியது. பனி திடீரென்று ஓடவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. பொறுமையாக விலகிக்கொண்டே போயிருந்தது. அதில் ஒரு ஆரவாரமும் இல்லை. ஆனால் அந்தக் கோட்டை எவனாலும் கிழிக்க முடியாது.

சார் அந்த நோட்டை எடுத்துவரச் சொன்னார். எழுதப் போனவர் நிறுத்தி, பேனாவை என்னிடம் நீட்டினார். "கொட்டினது மட்டும் போதும், யாருன்னு வேண்டாம்னு சொன்னீங்களே சார், அன்னிக்கு?" என்றேன். "உன் இஷ்டம்" என்றார். தமிழில், எழுத்துக் கூட்டி, ஒரே வரி எழுதினேன். கீழே என் பெயரையும் போட்டேன். இருபத்தெட்டு வருஷத்தில் அந்த நோட்டில் என் பெயர் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை தேர்வாளர்களில் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்தார். மூன்றாவது குழாய் சரியான பக்கம்தானா, எப்படிச் சொல்கிறீர்கள் என்று. சுகன்யா இந்தத் தரம் கதவுப் பக்கம் கையைக் காட்டவில்லை. திரையில் கல்லின் படத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். டாக்டர் பட்டம் வாங்கி, இப்போது வேறு ஊரில் வேறு சேற்றில் நிற்கிறாள். குழாய்க்கு மார்க்கர் போடுவதில்லையாம், ஆணியால் கீறுகிறாளாம். போனில் சொன்னாள்.

அந்தக் குழாயில் சார் புது அம்பு ஒன்று போட்டார், சரியான பக்கம். என் பழைய அம்பை ஸ்பிரிட் போட்டு அழிக்கப் போனார். நான் விடவில்லை. "ஒருதரம் அழிச்சு பட்டது போதும் சார்" என்றேன். அதனால்தான் கோல்ட் ரூமில் மூன்றாம் குழாயில் மட்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இரண்டு அம்பு இருக்கிறது. வருகிறவர்கள் குழம்பி உங்களைத்தான் கேட்பார்கள். மெல்லிசாக, கோணலாக இருப்பது கல் சொன்னது. தடிமனாக, அழகாக, ஓரத்தில் குங்குமக் கறையோடு இருப்பது ஸ்டெல்லா போட்டது. எதை நம்ப வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் எது அழகு என்பதையும் சொல்லிவிடுங்கள்.